பதினொன்றாம் வயதில் ஒரு தீர்ப்பு

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது முதுமொழி. பயிருக்குப் பொருந்தும் இக்கூற்று குழந்தைக்கும் பொருந்துமா? ‘பொருந்தும்’ என நம்பித் தன் கல்விமுறையையே அந்நம்பிக்கையின்மீது எழுப்பிய நாடு இங்கிலாந்து.

1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் அந்நாட்டின் அரசுப் பள்ளிகளில் இடைநிலைக் கல்வி கட்டணமின்றி அனைவர்க்கும் உரியதாயிற்று. அதனைத் தொடர்ந்து, பதினொரு வயதுச் சிறாரின் மொழியறிவு, கணக்கு, பொதுநுண்ணறிவு ஆகியவற்றைச் சோதிக்கும் ‘லெவன் பிளஸ்’ தேர்வு எங்கும் பரவியது. தேறியோர் பல்கலைக்கழகத்திற்கு வழிகாட்டும் கிராமர் பள்ளிகளில் சேர்ந்தனர். தேறாதோருள் மிகப் பலர் செகண்டரி மாடர்ன் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர்.

இத்தேர்வின் நோக்கம் உயர்ந்ததே. பிறப்பும் செல்வமும் அன்றித் திறனே வாயிலைத் திறக்க வேண்டும் என்று அதனை வகுத்தோர் விரும்பினர். எளிய தொழிலாளர் இல்லத்துப் பிள்ளைகள் பலர் அதனால் உயர்கல்வி பெற்றதும் உண்மை. ஆயினும், அளவுகோல் எங்கும் ஒன்றாக இல்லை. கிராமர் பள்ளி இடங்கள் ஊருக்கு ஊர் வேறுபட்டமையால், ஓரூரில் தேறக்கூடிய மதிப்பெண் மற்றோர் ஊரில் தோல்வியாயிற்று. அவ்வயதில் சிறுமியர் சிறுவரை விஞ்சினர். இருபாலார்க்கும் இடங்களைச் சமன்செய்யும் பொருட்டுப் பல இடங்களில் சிறுமியர் கூடுதல் மதிப்பெண் பெற வேண்டியதாயிற்று.

இவற்றினும் ஆழமான குறை ஒன்று உண்டு. செகண்டரி மாடர்ன் மாணவர் பெரும்பாலோர் பதினைந்தாம் வயதில் பள்ளியை விட்டு நீங்கினர். 1951இல் தொடங்கிய பொதுச்சான்றிதழ்த் தேர்வோ பதினாறாம் வயதினர்க்கு உரியதாக இருந்தது. ‘இவர் படிக்கமாட்டார்’ எனக் கணித்துப் படிக்கும் வாய்ப்பையும் நீக்கிவிட்டால், கணிப்பு பொய்க்க இடமேது? பின்னர்ச் சில செகண்டரி மாடர்ன் பள்ளிகள் தம் மாணவரை அத்தேர்வெழுதச் செய்தன. தகுதியற்றோர் என ஒதுக்கப்பட்டவருள் பலர் அதில் தேறிக் காட்டினர்.

1905இல் நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கிய பிரெஞ்சு அறிஞர் ஆல்பிரட் பினே, உதவி வேண்டும் குழந்தைகளைக் கண்டறியவே அதனைப் பயன்படுத்தினார். அறிவு மாறா அளவினது என்னும் கருத்தை அவர் மறுத்தார். ஒதுக்குவதற்காக அன்றித் துணைநிற்பதற்காகப் பிறந்த கருவி அது.

1965இல் இங்கிலாந்து அரசு, அனைவர்க்கும் பொதுவான பள்ளிகளை அமைக்குமாறு உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டது. லெவன் பிளஸ் பெரும்பாலான பகுதிகளில் மறைந்தது. கென்ட் முதலிய சில பகுதிகளில் இன்றும் நிலவுகிறது. ஒரு குழந்தை இன்று எதனை அறிந்துள்ளது என்பதைத் தேர்வு ஓரளவு கூறும். நாளை எதனை அறியும் என்பதோ, அதற்குக் கிடைக்கும் ஆசிரியரையும் நூலையும் காலத்தையும் பொறுத்தது. முளையைக் கண்டு பயிரை மதிப்பிடுவோர், நீர் பாய்ச்சும் கடமையையும் மறத்தலாகாது.