கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கைகள்

காரில் அமர்பவர் முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்க்கிறார். கண்ணாடியை யாரும் பார்ப்பதில்லை. அதைச் செய்தவர் யார், அவருக்குக் கிடைத்த ஊதியம் எவ்வளவு என்று நினைப்பவரும் அரிது. அன்றாடப் பொருள்களுக்குப் பின்னால் மறைந்திருக்கும் உழைப்பைக் கண்முன் நிறுத்துவது ஆவணப்படங்களின் முக்கியப் பணிகளுள் ஒன்று. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அமெரிக்கன் ஃபேக்டரி’ அத்தகைய படம். ஸ்டீவன் போக்னாரும் ஜூலியா ரைகர்ட்டும் இயக்கிய இப்படம், மறு ஆண்டு சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டேட்டன் நகருக்கு அருகே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வாகனத் தொழிற்சாலை இருந்தது. 2008 டிசம்பரில் அது மூடப்பட்டதால் பலர் வேலை இழந்தனர். சில ஆண்டுகளுக்குப் பின், சீனாவின் ஃபுயாவ் நிறுவனம் அந்த இடத்தை வாங்கிக் கார்க் கண்ணாடி தயாரிக்கத் தொடங்கியது. மீண்டும் வேலை கிடைத்ததில் ஊர்மக்கள் மகிழ்ந்தனர். ஆனால், ஊதியம் பழையபடி இல்லை. முன்பு மணிக்கு 29 டாலருக்கு மேல் பெற்ற பெண் ஒருவர், இப்போது 12.84 டாலர் பெறுவதாகக் கூறுகிறார். பிள்ளைகள் காலணி கேட்டால் அன்று உடனே வாங்கிக் கொடுத்த அவரால், இன்று அவ்வாறு செய்ய முடியவில்லை.

படம் அமெரிக்கரின் துன்பத்தோடு நின்றுவிடவில்லை. தொழிலைக் கற்றுக்கொடுக்கச் சீனாவிலிருந்து வந்தவர்கள், மனைவி மக்களைப் பிரிந்து வாழ்கிறார்கள். சீனாவில் உள்ள தாய்த் தொழிற்சாலையிலோ 12 மணி நேர வேலை. மாதத்தில் ஓரிரு நாள்களே விடுமுறை. அங்கே தொழிலாளர்கள் தகுந்த கையுறை இல்லாமல் உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பிரித்தெடுக்கிறார்கள். அதைக் கண்டு, அங்குச் சென்ற அமெரிக்கர் திகைக்கிறார்.

ஒஹாயோ ஊழியர்கள் சிலர் தொழிற்சங்கம் அமைக்க முயன்றனர். நிர்வாகம் அதைக் கடுமையாக எதிர்த்தது. 2017இல் நடந்த வாக்கெடுப்பில் சங்கத்துக்கு ஆதரவாக 444 பேரும் எதிராக 868 பேரும் வாக்களித்தனர். இருக்கும் வேலையும் போய்விடுமோ என்ற அச்சம் பலரிடம் இருந்தது.

இப்படம் யாரையும் கொடியவராகச் சித்திரிக்கவில்லை. நிறுவனத் தலைவர் சாவ் டேவாங், தவளைகள் கத்திய, பூக்கள் மலர்ந்த தம் சிறுவயதுக் காலத்தை நினைத்துப் பார்க்கிறார். இத்தனை தொழிற்சாலைகளைக் கட்டித் தாம் செய்தது நன்மையா, தீமையா என்று தம்மையே கேட்டுக்கொள்கிறார்.

படத்தின் இறுதியில் இயந்திரக் கைகள் கண்ணாடியைத் தூக்கி வைக்கின்றன. அவை வந்ததால் எத்தனை ஆட்களைக் குறைக்கலாம் என்று மேலாளர்கள் தலைவரிடம் விளக்குகிறார்கள். அதுவரை ‘அமெரிக்கரா, சீனரா’ என்று எண்ணியபடி படம் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி வேறொன்றை உணர்த்துகிறது. இயந்திரக் கைக்கு நாடு இல்லை; அது இரு நாட்டுத் தொழிலாளர்களின் இடத்தையும் பிடித்துவிடும். தானியங்கி முறையால் 2030ஆம் ஆண்டுக்குள் உலகில் 37 கோடியே 50 இலட்சம் பேர் வரை புதிய வேலை தேட நேரலாம் என்னும் வரியோடு படம் நிறைவடைகிறது.

இதற்கு என்ன தீர்வு என்று இயக்குநர்கள் கூறவில்லை. இயந்திரத்தால் மிச்சமாகும் பணமும் நேரமும் யாருக்குச் சேர வேண்டும்? வேலை இழப்பவருக்குப் புதிய தொழிலைக் கற்றுக்கொடுப்பது யார் பொறுப்பு? நாளை வேலைக்குச் செல்லப்போகும் இன்றைய மாணவர்கள் இக்கேள்விகளுக்கு விடை தேடியாக வேண்டும்.