யார் வீட்டுப் பிள்ளை?

போன வாரம் ஒரு மாலை, மேனாம்பேட்டில் எங்கள் தெருமுனையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். எதிர் வீட்டுப் பையனுக்கு ஐந்து வயது இருக்கும். பந்தைத் துரத்திக்கொண்டு நடுத்தெருவுக்கு ஓடினான். "டேய், ஓரமா வா!" என்று அதட்ட வாயெடுத்தேன். வாசலில் அவன் அம்மா நின்றிருந்தாள். அடுத்தவர் பிள்ளையை நாம் ஏன் அதட்டுவானேன் என்று விழுங்கிவிட்டேன். அடுத்த நொடி ஒரு பைக் கிறீச்சிட்டு நின்றது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் இரவெல்லாம் தூக்கம் இல்லை.

நாற்பது வருடங்களுக்கு முன் இதே தெருவில்தான் என் மகன் வளர்ந்தான். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. அவனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியது என் அம்மா. நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டியது பக்கத்து வீட்டு அக்கா. விஜயதசமியன்று தாம்பாளத்து அரிசியில் விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்தது என் மாமனார். கிணற்றுச் சுவரில் ஏறியதற்காக முதுகில் ஒன்று வைத்தது மூன்றாவது வீட்டுப் பெரியவர். நான் அவரிடம் சண்டைக்குப் போகவில்லை, நன்றிதான் சொன்னேன்.

இதையெல்லாம் அசைபோட்டபோது, முன்பு படித்த ஒரு புத்தகம் நினைவுக்கு வந்தது. பின்னாளில் கென்யாவின் முதல் ஜனாதிபதியான ஜோமோ கென்யாட்டா, தம் கிக்கூயூ மக்களைப் பற்றி 1938-இல் வெளியிட்டது. அங்கே பிள்ளையின் படிப்பு தாலாட்டிலேயே தொடங்கிவிடுகிறது. குலத்தின் கதை முதலில் காதில் விழுவது அதில்தான். மாடு மேய்க்கும் சிறுவனின் கவனத்தைச் சோதிக்க, இரண்டு மூன்று மந்தைகளைக் கலந்துவிட்டு, "நம் வீட்டு மாடுகளைப் பிரி" என்பார்களாம். முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர் வைப்பதும் அவர்கள் வழக்கம். நாமும் தாத்தா பெயரைச் சுமப்பவனைத்தானே 'பெயரன்' என்று சொல்லி, அது 'பேரன்' ஆயிற்று? கடல் கடந்தும் ஒரே நினைப்பு!

அந்தக் காலத்தில் எல்லாமே தங்கம் என்று சொல்ல மாட்டேன். அடி அதிகம். பெண் பிள்ளைகளுக்குப் படிப்பு குறைவு. ஆனால் ஒரு பிள்ளையைப் பத்துக் கண்கள் பார்த்தன. இன்று என் பேரனுக்குக் கைப்பேசியில் பொம்மைப் படம் ஓடினால்தான் சோறு இறங்கும். அதைப் பழக்கியவனும் நான்தான்.

மறுநாள் எதிர் வீட்டுக்குப் போனேன். "பார்த்தும் சும்மா இருந்துட்டேன்மா, மனசு கேக்கல" என்றேன். அந்தப் பெண் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அதட்டியிருக்கலாமே அங்கிள். உங்க பேரன் அன்னைக்கு மொட்டை மாடிச் சுவர்ல ஏறி நின்னான். நீங்க என்ன நினைப்பீங்களோன்னு நானும் சொல்லல" என்றாள்.

எனக்கு வயிற்றைப் புரட்டியது.

இப்போதெல்லாம் சாயங்காலம் இரண்டு பொடியன்களையும் எங்கள் வாசற்படியில் உட்கார வைத்து விடுகதை போடுகிறேன். யார் தப்பு செய்தாலும் இரண்டு வீட்டாரும் அதட்டலாம் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். நேற்று அவள் என் பேரனை அதட்டினாள். உள்ளே இருந்து கேட்டேன். நிம்மதியாக இருந்தது.