யந்திரத்துக்குத் தாளம் சொன்னவர்

நீங்கள் ஓசூர்ப் பக்கம் வந்திருக்கிறீர்களா? வந்திருந்தால் ஒரு வேடிக்கையைக் கவனித்திருப்பீர்கள். டீக்கடையில் ஒருவர் தமிழில் கேள்வி கேட்பார். இன்னொருவர் தெலுங்கில் பதில் சொல்வார். மூன்றாமவர் கன்னடத்தில் சிரிப்பார்! பெங்களூர் இங்கிருந்து நாற்பது கிலோ மீட்டர் தூரந்தானே? சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்த பிறகு நாலாவது பாஷை ஒன்றும் சேர்ந்துகொண்டது. அதுதான் யந்திர பாஷை. லேத்தும் பிரஸ்ஸும் இரவு பகலாக, மூன்று ஷிப்ட்டிலும் ஓயாமல் பேசும் பாஷை.

இப்படிப்பட்ட ஊரில் 1986-ஆம் ஆண்டு ஒரு பாட்டு வந்து இறங்கியது. 'விக்ரம்' படத்தின் முகப்புப் பாட்டுத்தான். சுஜாதாவின் கதை 'குமுத'த்தில் தொடராக வந்ததைப் படித்தவர்கள், மே மாதக் கடைசியில் படம் வெளியானதும் கொட்டகைக்கு ஓடினார்கள். திரும்பி வரும்போது அவர்கள் வாயில் இருந்தது கதையல்ல, பாட்டு. கமல்ஹாசனே பாடியிருந்தார். பத்து வருஷம் முன்பு 'அன்னக்கிளி'யில் வயல் வரப்பைக் கொண்டுவந்து காட்டிய இளையராஜாவா இது என்று வியக்கும்படி, சிந்தஸைஸர் குதிரைப் பாய்ச்சலில் ஓடியது. காஸெட் கடையில் வெற்று நாடாவைக் கொடுத்து, "இரண்டு பக்கமும் இந்த ஒரே பாட்டைப் பதிந்து கொடுங்கள்" என்று கேட்டவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் மாமா பகலில் ஒரு தொழிற்சாலையில் டர்னர். இரவில் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர். பாட்டை நாலு தடவை கேட்டுவிட்டுச் சொன்னார்: "டேய், மனுஷன் வாசித்தால் நடுவிலே எங்கேயாவது மூச்சு வாங்குவான். இது வாங்கவே இல்லை, பார்த்தாயா?"

மறு ஆண்டு தேர்த் திருவிழாக் கச்சேரியில் ஜனங்கள் அந்தப் பாட்டைக் கேட்டு ரகளை செய்தார்கள். குழுவிடம் சிந்தஸைஸர் ஏது? துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்த சின்னக் கேஸியோ ஒன்றுதான் உண்டு. பையன் அதைத் தட்ட, யந்திரத்தின் வேலையை மாமா இரண்டு கையாலும் செய்தார். பாட்டு முடிந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கூட்டம் "ஒன்ஸ்மோர்!" என்றது. நல்ல வேளை, அந்த வார்த்தைக்கு மட்டும் மூன்று மொழியிலும் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை!

அதே 1986-இல் வந்த 'புன்னகை மன்ன'னில் கம்ப்யூட்டரைக் கொண்டு இசை அமைத்தார்கள். அது எப்படி என்கிறீர்களா? சிந்தஸைஸர், நாதத்தை மின்சாரத்தால் உண்டாக்கும். எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம் என்பதை ஒவ்வொன்றாக ஸீக்வென்ஸர் என்னும் சாதனத்தில் ஊட்டிவைத்தால், அது சொன்னபடி, சொன்ன வேகத்தில், சலிக்காமல் வாசிக்கும். கூட வாசிக்கும் மனிதர்தான் அதற்கு ஈடு கொடுத்து ஓடவேண்டும். லேத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது மாமாவின் கட்சி. அளவு சரியாக வைத்தால் ஆயிரம் உருப்படியும் சரி; தப்பாக வைத்தால் ஆயிரமும் தப்பு! இளையராஜா காகிதத்தில் ஸ்வரங்களை எழுதித்தான் வாத்தியக்காரர்களுக்குக் கொடுப்பார். யந்திரமும் யாரோ எழுதியதைத்தானே வாசித்தாக வேண்டும்?

ஆனால் வாசகர்களே, கதை இத்தனை சுபமாக முடிந்துவிடவில்லை. சில வருஷங்களில் மெல்லிசைக் குழுக்களுக்கு ரிதம் பேட் வந்தது. பதினான்கு பேர் ஏறிய வேனில் ஐந்து பேர் ஏறினார்கள். மாமா, தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் லேத் வந்தபோது பழகிக்கொண்டதைப் போலவே, இதையும் பழகிக்கொண்டு பிழைத்தார். குழுவில் வயலின் வாசித்த பெரியவருக்கு அந்த வழி இல்லை. நாலு வயலின் ஓசையைக் கீபோர்டின் ஒரே விசை கொடுத்துவிட்டது. "பரவாயில்லை, பிள்ளைகள் நன்றாக வாசிக்கட்டும்" என்று சொல்லிப் பெட்டியை மூடியவர், பிறகு மேடை ஏறவில்லை. அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்த நாளெல்லாம் மாமா சாப்பாட்டைத் தொடமாட்டார்.

2022-இல் அதே பெயரில் கமலுக்குப் புதிய படம் வந்தது. உடனே கம்பெனி பஸ்ஸில் போகும் இளைஞர்கள் பழைய பாட்டைத் தேடிப் பிடித்துக் காதில் மாட்டிக்கொண்டார்கள். முப்பத்தாறு வருஷமாகியும் அதற்கு மூச்சு வாங்கவில்லை! அந்த நாளில் பிரமிப்பூட்டிய மின்சார வாத்தியங்களில் எத்தனையோ காயலான் கடைக்குப் போயிருக்கும். பாட்டு போகவில்லை.

அடுத்த முறை அதைக் கேட்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். யந்திரத்தைப் பாராட்டுங்கள், அதற்குத் தாளம் சொன்னவரையும் பாராட்டுங்கள். பிறகு, பெட்டியை மூடிவிட்டு வீட்டுக்குப் போன வயலின்காரர் உங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கலாம். ஒரு மாலை நேரம் அவர் வீட்டுக்குப் போய், "ஐயா, கொஞ்சம் வாசியுங்களேன்" என்று கேட்டுப்பாருங்கள்.