அரை எச்பி

நகராட்சிக் குடிநீர்க் குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டித் தண்ணீரை உறிஞ்சியவன் நான். தடைசெய்யப்பட்டது என்று எனக்கும் தெரியும், மாட்டிக் கொடுத்த பிளம்பருக்கும் தெரியும். "செக்கிங் வந்தா சட்டுனு கழட்டிக்கலாம் சார், யூனியன் போட்டுடறேன்" என்றார் அவர். சத்தம் தெருவுக்குக் கேட்காமலிருக்கக் கெட்டியான மரப்பெட்டி ஒன்றைச் செய்து மூடினேன். அதற்கான செலவு மோட்டார் விலையில் கால்வாசி.

ஒருநாள் விட்டு ஒருநாள், அதிகாலையில் தண்ணீர் திறந்துவிடுவார்கள். எங்கள் வீடு தெருவின் நடுவில். கடைக்கோடியில் இருப்பவர்கள் வாசலில் இடுப்பளவு குழி தோண்டி, குழாயை அதற்குள் இறக்கி வைத்திருந்தார்கள். பெண்கள் குழிக்குள் இறங்கிச் செம்பால் மொண்டு குடத்தை நிரப்புவார்கள். என் சம்ப் நிரம்பி நான் மோட்டாரை நிறுத்திய பிறகுதான் அங்கே நூலாக ஒழுக ஆரம்பிக்கும்.

அளவில் மட்டும் நடந்த திருட்டில்லை அது. மோட்டார் இழுக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் போய் வெற்றிடம் உண்டாகிறது. சாக்கடையை ஒட்டிப் போகும் குழாயில் இணைப்பு எங்காவது விட்டிருந்தால், கழிவுநீரைக் குழாயே உள்ளே இழுத்துக்கொள்ளும். கடைசி வீடுகளில் முதல் இரண்டு குடம் மஞ்சளாக வருகிறது என்று சொல்வார்கள். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு என்றும் காதில் விழும். என் மோட்டாரால்தான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. தெருவில் பாதி வீடுகளில் மோட்டார் இருந்தது. அந்தக் கூட்டத்துக்குள் நான் சௌகரியமாக ஒளிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் ஆர்ஓ இருந்தது.

இந்த லட்சணத்தில், தண்ணீர் மனித உரிமை என்று கட்டுரையும் எழுதினேன். 2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை தூய குடிநீரையும் சுகாதார வசதியையும் மனித உரிமையாக ஏற்றது, இந்தியா உட்பட 122 நாடுகள் ஆதரித்தது எல்லாம் அதில் இருந்தன. வாக்களிக்காமல் ஒதுங்கிய 41 நாடுகளில் அமெரிக்காவையும் பிரிட்டனையும் காய்ச்சி எடுத்திருந்தேன். கடைக்கோடி வீடுகளைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

"எல்லாரும் போடுறாங்க, நாம போடலைன்னா நமக்கு வராது" என்பேன் மனைவியிடம். பொய்யில்லை. இரண்டு பக்கமும் மோட்டார் ஓடும்போது நடுவில் இருப்பவன் குழாயில் காற்றுதான் வரும். ஆனால் எல்லாருக்கும் சீராகத் தண்ணீர் விடச் சொல்லி நகராட்சியில் ஒரு மனு கொடுத்திருக்கலாம். எழுதுவதுதானே என் தொழில்? கொடுக்கவில்லை. அதிகாரி தெருவுக்கு வந்தால் முதலில் என் மரப்பெட்டியைத்தான் திறப்பார் என்ற பயம்.

மனம் திருந்தி மோட்டாரைக் கழற்றினேன் என்று நினைத்துவிடாதீர்கள். போர் போட்டோம், நல்ல தண்ணீர் கிடைத்தது, அந்த மோட்டார் தேவைப்படவில்லை. எதிர்வீட்டுக்காரர் விலைக்குக் கேட்டார். பாதி விலைக்குக் கொடுத்தேன், பெட்டியோடு.