பூ ஒருத்தி பறித்தது, பேர் கேப்டனுக்கு!

பாண்டிச்சேரிக்குப் போகிறேன் என்றாலே நண்பர்கள் ஒரு மாதிரியாகச் சிரிக்கிறார்கள். 'பூ பார்க்கப் போறேன்டா' என்றால் சிரிப்பு இன்னும் பலமாகிறது. நிஜமாகவே பூதான் சார்!

கடற்கரையை விட்டுத் திரும்பி, காலை ஏழு மணிக்கு ரோமன் ரோலண்ட் வீதியில் நடந்து பாருங்கள். மஞ்சள் சுண்ணாம்பு அடித்த உயரமான மதில். அதன் மேலிருந்து மெஜந்தா கலரில் கொட்டிக் கிடக்கிறது போகன்வில்லா. நம்ம பாஷையில் காகிதப்பூ.

உண்மையில் அந்தக் கலர் பூவே இல்லை. கிட்டே போய்ப் பார்த்தால் நடுவில் குச்சி குச்சியாக மூணு குட்டி வெள்ளைப் பூ தெரியும். அசல் ஆசாமிகள் அவர்கள்தான். சுற்றி நிற்கிற மூணும் பூ வேஷம் கட்டிய இலைகள். அந்திமந்தாரையும் மூக்கிரட்டையும் இதற்குப் பங்காளி முறை.

வேஷம் என்றதும் ஒரு கதை. 1766-ல் பிரெஞ்சுக்காரர் பூகன்வில் உலகைச் சுற்றக் கப்பலில் கிளம்பினார். கூடப் போனவர் கொமெர்சான் என்ற தாவர நிபுணர். அவருக்கு உதவியாக ஒரு பையன். கப்பற்படைக் கப்பலில் பெண்கள் ஏறக்கூடாது என்பது சட்டம். பையனோ, பேன்ட் போட்ட ழான் பாரே என்கிற பெண்!

1767-ல் பிரேஸிலின் ரியோவில் இந்தச் செடி சிக்கியது. கொமெர்சானுக்குக் காலில் தீராத புண். காடு மேடெல்லாம் ஏறி இறங்கி மூட்டை சுமந்தவள் பாரே. இதைப் பறித்ததும் அவளாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. பேர் மட்டும் கேப்டனுக்குப் போயிற்று. ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து ஸ்டேட்மென்ட் போடுவது நீங்கள், கையெழுத்து மேனேஜருடையது. அந்த மாதிரி!

1768-ல் தாஹிதியில் குட்டு உடைந்தது. சில வருஷம் மொரீஷியஸில் இருந்துவிட்டு பிரான்ஸ் திரும்பினாள். உலகைச் சுற்றி வந்த முதல் பெண் என்று இன்று அவளைத்தான் சொல்கிறார்கள். ஒரு செடிக்கு அவள் பேர் நிலைத்தது 2012-ல்தான். அதுவும் தென் அமெரிக்காவில் வளரும் ஒரு கத்தரி ஜாதிச் செடி. இன்க்ரிமென்ட் இருநூறு வருஷத்துக்கு மேல் லேட்!

அந்த வீதியில் ஏணி போட்டுக் கிளை வெட்டிக்கொண்டிருந்தார் ஒரு தோட்டக்காரர்.

"எங்க தெருவுல ஒரு வீட்ல வெறும் இலையா வளருது, பூக்கவே மாட்டேங்குது ஐயா."

"தண்ணி ஊத்துறாங்களா தம்பி?"

"ரெண்டு வேளையும் ஊத்துறாங்க."

"அப்புறம் எப்படிப் பூக்கும்? மூணு வேளையும் உக்காரவெச்சு சோறு போட்டா மாப்பிள்ளை வேலைக்குப் போவாரா?"

விஷயம் அவ்வளவுதான். பென்சில் கனத்தில் முற்றிய கிளையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் சாய்த்து நட்டு நிழலில் வையுங்கள். நன்றாகத் துளிர்த்து வேர் பிடித்ததும் வெயிலுக்கு மாற்றுங்கள். தினம் ஐந்தாறு மணி நேர வெயில் கட்டாயம். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். யூரியாவை அள்ளிக் கொட்டினால் இலைதான் மிஞ்சும். தொட்டி மாற்றும்போது வேர் மண் உதிரக் கூடாது. புதுத் துளிரில்தான் பூ வரும் என்பதால், ஒரு சுற்று பூத்து ஓய்ந்ததும் கிளைகளை வெட்டிவிடுங்கள்.

தொட்டிக்கு வழவழ இலையுள்ள க்ளாப்ரா வகை தோது. ரோம இலையும் கொக்கி முள்ளும் கொண்ட ஸ்பெக்டாபிலிஸ் மதிலுக்கு. திருடன்கூட யோசிப்பான்.

மொட்டை மாடி ரூம்வாசிகளே, நட்டுப் பாருங்கள். கொளுத்துகிற வெயிலை ரசிக்கிற இன்னொரு ஜீவன் கிடைப்பது கஷ்டம். பூத்துக் குலுங்கும்போது 'யாருப்பா வெச்சது?' என்று ஹவுஸ் ஓனர் கேட்டால் வாயைத் திறந்து உங்கள் பேரைச் சொல்லுங்கள். அடுத்த மாசமே அவர் தன் பேரைச் சொல்லிக்கொள்ளப் போகிறார்!