சியோல் நகரில் நான்கு நாட்கள்

ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நாங்கள் இருவரும் கடல் கடந்து உல்லாசப் பயணம் போய்வந்தோம் என்று சொன்னால் எங்களை அறிந்த நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிப்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. பள்ளிக்கூட விடுமுறை என்பது விடைத்தாள் திருத்தும் காலம் என்பதே எங்கள் வீட்டு அகராதி. ஆயினும், எங்களுள் ஒருவருக்குத் தம்பியும் மற்றவருக்கு மைத்துனனுமான இளைஞன் ஒருவன், சியோலுக்கு அண்மையிலுள்ள ஆன்சான் என்னும் தொழில் நகரில் இரும்பு வார்ப்புச் சாலையொன்றிலே வேலை செய்கிறான். 2004ஆம் ஆண்டு முதல் கொரிய அரசு நடத்திவரும் தொழில் அனுமதித் திட்டத்தின் கீழ், மொழிப் பரீட்சையில் தேறிச் சென்ற பல்லாயிரம் இலங்கையருள் அவனும் ஒருவன். "என்ர அனுமதி முடியிறதுக்குள்ள ஒருக்கா வந்து பாருங்கோ" என்று பலமுறை சொன்னவன், கடைசியில் பயணச் சீட்டுகளையும் தானே எடுத்து அனுப்பிவிட்டான். மறுக்க முடியவில்லை. மறுக்க மனமும் இல்லை என்பதை ஒளிப்பானேன்?

கட்டுநாயக்காவில் விமானம் ஏறியபோதே எங்கள் உல்லாசத்தில் ஒரு கூச்சம் கலந்துவிட்டது. எங்களைச் சூழ இருந்தோரிற் பலர் வேலைக்குப் போகும் பையன்கள். ஒரே மாதிரியான பைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒருவன் கேட்க மற்றவன் கொரிய வாக்கியங்களை ஒப்புவித்துக்கொண்டு வந்தான். பரீட்சை மண்டபத்து வாசலில் நாங்கள் ஆண்டுதோறும் காணும் முகங்கள்தாம் அவை.

சியோல் அழகான நகரம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; ஏனெனில், முற்போக்காளர் என்று தம்மை எண்ணிக்கொள்வோருக்கு அழகான எதையும் ஐயத்துடன் நோக்கும் பழக்கம் ஒன்று உண்டு. கொரிய யுத்தத்தின்போது நான்கு முறை கைமாறி, 1953இல் யுத்தம் ஓய்ந்தபோது பெரும்பாலும் இடிபாடாகக் கிடந்த நகரம் இது. இன்று நிலத்தடிப் புகைவண்டி நகரின் மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோய் விடுகிறது. முதற் பாதை 1974இல் திறக்கப்பட்டதாம். கர்ப்பிணிப் பெண்களுக்கென்று இளஞ்சிவப்பு நிறத்தில் ஆசனம் ஒதுக்கியிருக்கிறார்கள். நெரிசலிலும் அது வெறுமையாக இருந்ததைக் கண்டபோது, எங்கள் ஊர் பஸ் வண்டியில் நிறைமாதப் பெண் கம்பியைப் பற்றி நிற்கும் காட்சி மனத்தில் வந்து போயிற்று.

நம் நாட்டு மேடைகளில் ஒரு வாசகம் அடிக்கடி கேட்கும். சுதந்திரம் பெற்ற காலத்தில் நாம் கொரியாவை விட முன்னே நின்றோம். அவர்கள் ஒழுங்கும் கட்டுப்பாடும் உள்ளவர்கள், ஆதலால் முன்னேறினார்கள். நாம் சோம்பேறிகள், பின்தங்கினோம் என்பது அது. வகுப்பறையில் நாங்களும் இதைச் சொல்லியதுண்டு. அந்த ஒழுங்குக்கும் கட்டுப்பாட்டுக்கும் யார் எவ்வளவு விலை கொடுத்தார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை.

இரண்டாம் நாள் குவாங்ஜாங் சந்தைக்குப் போனோம். 1905ஆம் ஆண்டு தொடங்கிய சந்தை அது. பாசிப்பயற்றை ஊறவைத்து, எந்திரக் கல்லில் அரைத்து, தட்டையான இரும்புச் சட்டியில் எண்ணெய் விட்டுச் சுட்டுத் தருகிறார்கள். பிந்தேத்தொக் என்பது அதன் பெயர். பலகை வாங்கில் நெருக்கமாக அமர்ந்து தின்றோம். அருகில் ஒரு குழந்தை தாயைப் பார்த்து "ஒம்மா" என்றும் தந்தையைப் பார்த்து "அப்பா" என்றும் அழைத்தது. திரும்பிப் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு கொரியரையும் தமிழரையும் ஒரே குலமாக்கிவிடும் அறிஞர்கள் நம்மிடையே உளர். நாங்கள் அவ்வளவு தூரம் போகத் தயாரில்லை. உலகத்துக் குழந்தைகளின் வாயில் முதலில் எழும் ஒலிகள் பல இடங்களில் ஒன்றுபோலவே இருக்கின்றன.

சந்தையைவிட்டு இறங்கினால் சொங்கியேச்சொன் ஓடை. நகரின் நடுவே ஐந்தே முக்கால் கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும் தெளிந்த நீர், இரு மருங்கும் நாணல், கற்படிகள், காலை நனைத்துக்கொண்டிருக்கும் காதலர். வெயிற் காலத்து மாலையில் அங்கே உட்கார்ந்திருப்பதைவிட இன்பமான செயல் அந்நகரில் இல்லை. நாங்களும் செருப்பைக் கழற்றிவிட்டு அமர்ந்தோம். ஆனால் அந்த நீருக்கும் ஒரு சரித்திரம் உண்டு. யுத்தத்தில் வீடிழந்து வந்தோர் இவ்வோடைக் கரையிற் குடிசைகளிட்டு வாழ்ந்தனர். 1958 முதல் ஓடையின் மீது கொங்கிறீற்று மூடி போட்டார்கள், குடிசைகள் போயின. பிறகு மூடியின்மேல் உயர்தள நெடுஞ்சாலை எழுந்தது. 2003இல் அந்தச் சாலையையும் மூடியையும் உடைக்கத் தொடங்கி, 2005 ஒக்ரோபரில் ஓடையை மீண்டும் திறந்தார்கள். இன்று அதில் ஓடுவதிற் பெரும்பகுதி ஹான் நதியிலிருந்து இயந்திரத்தால் இறைத்து விடப்படும் நீர்.

அப்பணியை முடித்த நகர முதல்வர் லீ மியொங்-பாக், 2008இல் நாட்டின் ஜனாதிபதியானார். அங்கே தெருவோரத்தில் விற்றுப் பிழைத்தவர்களைத் தொங்தேமுன் விளையாட்டரங்கினுள் குடியமர்த்தினார்கள். சில ஆண்டுகளில் அந்த அரங்கமும் இடிக்கப்பட, அவர்கள் மறுபடி பெயர்ந்தார்கள். அரங்கம் நின்ற இடத்தில், ஸஹா ஹடிட் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரின் வெள்ளிநிற மாளிகை 2014 முதல் நிற்கிறது. அதையும் பார்த்தோம், வியந்தோம், படம் எடுத்தோம். பழைய வியாபாரிகளின் கதையை இரவு விடுதிக்குத் திரும்பிய பின்னரே வாசித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். கிழமையில் அவனுக்கு அந்த ஒரு நாள்தான் ஓய்வு. அரண்மனைக்குப் போவதென்று நாங்கள் திட்டமிட்டிருந்தோம். அவனோ எங்களை மீண்டும் அதே ஓடைக்கரைக்கு, கிழக்கே இன்னும் சிறிது தூரம், அழைத்துப் போனான்.

"அரண்மனையை நாளைக்கும் பாக்கலாம் அத்தான். இஞ்ச ஒரு பெடியன்ர சிலை இருக்கு. எங்கட தொழிற்சாலைக் கொரியக் கிழவன் ஒராள்தான் எனக்குக் காட்டினவர்."

பாலத்தின் மேல், இடுப்புக்கு மேற்பட்ட உருவமாய், நிலத்திலிருந்து எழுந்து நிற்பவர்போல் அமைந்த வெண்கலச் சிலை. இருபத்திரண்டு வயது இளைஞர். பெயர் ஜொன் தே-இல். நடைபாதையிற் பதித்த செப்புத் தகடுகளில் பொதுமக்கள் எழுதிக் கொடுத்த வாசகங்கள் இருந்தன. தம்பி சிலவற்றை எழுத்துக் கூட்டி வாசித்துப் பொருள் சொன்னான். அவன் அம்மொழியை வாசிப்பதை அன்றுதான் முதன்முதல் கேட்டோம். கணிதத்திலே தேறாதவன் என்று வீட்டில் எத்தனை முறை ஏசியிருப்போம்!

பாலத்துக்கு அருகில் நீண்டு கிடக்கும் கட்டடம் சமாதானச் சந்தை. வடக்கிலிருந்து அகதிகளாக வந்தோர் சமாதானத்தை வேண்டி இட்ட பெயர் அது. அறுபதுகளில் கொரியாவின் ஆயத்த உடைகளிற் பெரும் பங்கு இங்கும் இதை அடுத்த சந்தைகளிலும் தைக்கப்பட்டது. ஒரு தட்டு உயரத்தை இரண்டாகத் தடுத்து மச்சு அமைத்தார்கள். அதனுள் நிமிர்ந்து நிற்க முடியாது. பஞ்சுத் தூசி, சாளரமில்லாத அறை, நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரமும் அதற்கு மேலும் வேலை, மாதத்துக்கு இரண்டே நாள் ஓய்வு. தையற்காரிகளுக்கு எடுபிடியாகப் பதின்மூன்று, பதினைந்து வயதுச் சிறுமியர். ஜொன் தே-இல் அங்கே தையல் உதவியாளனாகச் சேர்ந்து துணி வெட்டுபவரானார். பட்டினியோடிருந்த சிறுமியருக்குத் தம் பஸ் காசில் மாப்பலகாரம் வாங்கிக் கொடுத்துவிட்டு, இரவில் நகரின் எல்லையிலிருந்த வீடுவரை நடந்து போவாராம். அக்காலத்தில் நள்ளிரவு ஊரடங்கு இருந்தது. நடக்கும் வழியிற் பொலிசாரிடம் அகப்பட்ட இரவுகளும் உண்டு.

தொழிலாளர் தராதரச் சட்டம் என்று ஒன்று தம் நாட்டில் இருப்பதை அவர் தற்செயலாகவே அறிந்தார். 1953இல் இயற்றப்பட்ட சட்டம். எட்டு மணி நேர வேலை என்று அதிலே தெளிவாக எழுதியிருந்தது. பதினைந்து ஆண்டுகளாக அது புத்தகத்தில் இருந்தது, மச்சில் இல்லை. நூலை வாங்கினார். ஆனால் சீன எழுத்துக்கள் நிறையக் கலந்த சட்ட மொழி ஆரம்பப் பாடசாலையையே ஒழுங்காக முடிக்காத அவருக்கு விளங்கவில்லை. பல்கலைக்கழக மாணவன் ஒருவன் எனக்கு நண்பனாக இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று அவர் ஏங்கினார் என்கிறார்கள்.

இதைத் தம்பி சாதாரணமாகத்தான் சொன்னான். எங்களுக்கு அது சாதாரணமாக இருக்கவில்லை. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறோம்.

1969இல் தம் தோழர்களைச் சேர்த்து அவர் அமைத்த சங்கத்தின் பெயர் "முட்டாள்கள் சங்கம்". சட்டம் இருந்தும் அறியாமல் உழைத்து மடிந்தோமே என்ற கசப்பு அப்பெயரில் இருக்கிறது. தொழிலாளரிடம் வினாத்தாள் கொடுத்து நிலைமையைக் கணக்கெடுத்தார். அதிகாரிகளுக்கு மனு எழுதினார். அவருடைய கோரிக்கைகளைப் பாருங்கள்: வேலை நேரத்தைப் பத்து அல்லது பன்னிரண்டு மணியாகக் குறையுங்கள், ஞாயிறு ஓய்வு தாருங்கள், வைத்தியப் பரிசோதனையை ஒழுங்காகச் செய்யுங்கள். சட்டம் எட்டு மணி என்றது. அவரோ சட்டம் கொடுத்ததிலும் குறைவாகவே கேட்டார். அதுவும் கிடைக்கவில்லை. 1970 நவம்பர் 13ஆம் நாள் சந்தைக்கு முன்னே அந்தச் சட்டப் புத்தகத்துக்கு எரியூட்டிக் கண்டனம் தெரிவிப்பதென்று முடிவு செய்திருந்தார்கள். அன்று புத்தகத்தோடு எரிந்தது அவருடைய உடலுமாயிற்று. சட்டத்தைக் கடைப்பிடியுங்கள், நாங்கள் இயந்திரங்கள் அல்லர் என்பவையே அவர் எழுப்பிய முழக்கங்கள்.

அந்தச் சாவைப் புகழ்ந்து பாட எங்களுக்கு மனமில்லை. எங்கள் வகுப்பிலிருந்து போகும் பிள்ளைகளின் வயது அது. அவ்வயதில் எவரும் சாகலாகாது. அவருடைய தாயார் லீ சோ-சொன் மகனின் வேலையை ஏற்று, இரு கிழமைகளுக்குள் அச்சந்தைத் தொழிலாளரின் சங்கம் உருவாகத் துணைநின்றார். 2011இல் மறையும் வரை, நாற்பது ஆண்டுகள், அதிலேயே நின்றார். மாணவர்களும் அதிர்ந்து விழித்தார்கள். அவர்களுள் ஒருவரான சோ யொங்-ரே, பொலிசாருக்குத் தலைமறைவாக இருந்த நாட்களில் ஜொன் தே-இல்லின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 1983இல் அது ஆசிரியர் பெயரின்றியே கொரியாவில் வெளிவந்தது. தேடிய நண்பன் வந்தான். வந்தபோது தேடியவன் இல்லை.

ஓடையின் மறுபுறம் சற்றுத் தொலைவில் 2019இல் திறக்கப்பட்ட நினைவு மண்டபம் இருக்கிறது. அதன் முகப்பு முழுவதையும் தொழிற் பரிசோதகருக்கு அவர் எழுதிய கடிதத்தின் எழுத்துக்கள் மூடியிருக்கின்றன. உள்ளே அக்கால மச்சு அறையின் மாதிரி ஒன்று உண்டு. குனிந்து நுழைந்து சில நிமிடங்கள் அமர்ந்தோம். கழுத்து வலித்தது. வெளியே வந்தபோது தம்பி தன் கதையைச் சொன்னான். சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கிறது, சாப்பாடும் உண்டு, முதலாளி கெட்டவன் அல்லன்; ஆனால் நினைத்தபோது வேறு வேலைத்தலத்துக்கு மாறும் உரிமை அவன் அனுமதியில் இல்லை.

"இந்த ஊர்ச் சனத்துக்கு எழுதின சட்டம் எங்களுக்கும் உண்டு அக்கா. ஆனா எங்களுக்கு எண்டு இன்னொண்டும் இருக்கு."

இனி எங்கள் கதை. சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் படித்த மாணவி ஒருத்தி, உயர்தர வகுப்பை இடையில் விட்டு வன்னியிலுள்ள ஆடைத் தொழிற்சாலையொன்றில் சேர்ந்தாள். கட்டுரைப் போட்டிகளிற் பரிசு பெற்றவள். நற்சான்றுக் கடிதத்தை நாங்களே எழுதிக் கொடுத்தோம், நல்ல கடிதம். சென்ற ஆண்டு அவளிடமிருந்து கைத்தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது. "ரீச்சர், சேமலாப நிதிக்கு எண்டு மாசா மாசம் வெட்டுறாங்கள். அது என்ர பேரில கட்டுப்படுதோ எண்டு எங்க கேக்கிறது?" நாங்கள் இருவரும் அதைப் படித்தோம். "அங்க அலுவலகத்தில கேட்டுப் பாரம்மா" என்று பதில் போட்டோம். வெட்டுகிறவர்களிடமே போய்க் கேட்கச் சொன்னோம்! அவள் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எங்களுக்கும் அது மறந்துபோயிற்று. அந்தப் பாலத்தில் நிற்கும்வரை மறந்துபோயிருந்தது.

மறுநாள் அரண்மனையைப் பார்த்தோம். பெரிய அரண்மனை.

ஊர் திரும்பியபோது கட்டுநாயக்காவில் விடிந்துகொண்டிருந்தது. விமான நிலையத்துக்கு அருகே, 1978இல் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயத்தின் வாயிலை நோக்கிப் பெண்கள் கூட்டங் கூட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். 2011 மே மாதம், தம் சேமலாப நிதியைப் பாதிக்கும் என்று அஞ்சிய ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்து அவ்வலயத் தொழிலாளர் திரண்டபோது, பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் ரொஷேன் சானக என்ற இளைஞர் உயிரிழந்தார். சட்டமூலம் கைவிடப்பட்டது. இந்தச் செய்தியை அந்நாளில் பத்திரிகையில் வாசித்திருக்கிறோம். வாசித்துவிட்டுப் பாடசாலைக்குப் போயிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்த கிழமையில் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின் தமிழ் வடிவத்தைத் தேடி எடுத்தோம். தமிழிற் பட்டம் பெற்றவர்கள் நாங்கள். ஆயினும், ஒரு பிரிவை மூன்று முறை வாசித்த பின்னரே எழுவாய் எது, பயனிலை எது என்று பிடிபட்டது. சீன எழுத்தில்லாமலே இத்தனை இருட்டு! பிறகு ஊரிலுள்ள தொழில் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த இளம் உத்தியோகத்தர் பொறுமையாக விளக்கினார். தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு எட்டு, முதலாளியின் பங்கு நூற்றுக்குப் பன்னிரண்டு. பணம் மத்திய வங்கியின் பொறுப்பில் இருக்கும். அங்கத்தவர் இலக்கத்தைக் கொண்டு கணக்கைப் பார்க்கலாம். கட்டப்படாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். எல்லாமாக அரை மணி நேரம் எடுத்தது.

அன்று மாலை அவளுக்குத் தொலைபேசி எடுத்தோம். முதலில் அவளுக்கு எங்களைப் புரியவில்லை. ஏதோ துக்கச் செய்தி என்று பயந்துவிட்டாள். பிறகு தான் ஒருத்தி மாத்திரம் அல்ல, தன் வரிசையில் இன்னும் பதினொரு பேருக்கு இதே கேள்வி உண்டு என்றாள். வருகிற பூரணை விடுமுறைக்கு வருகிறார்கள். சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். முற்றத்தில் பாய் விரித்தால் பன்னிரண்டு பேர் இருக்கலாம்.