மந்தம் யாருக்கு?

மந்தம் என்பது தொற்று வியாதி போலும். யந்திரத்துக்கு வந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்குத்தான் அந்தப் பெயர் முதலில் ஒட்டிக்கொள்கிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை. வாசலில் லாரி எடைமேடை. அங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்மீது ஒரு மாதமாகப் புகார்: ஒரு சீட்டுப் போட அரை நாழிகை ஆக்குகிறாள் என்று. ஒப்பந்த ஊழியர், அவள் சீட்டே கிழிவதற்கு இதற்குமேல் காரணம் வேண்டுமா?

அந்த ஆலையின் நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்பவன் என் அக்காள் மகன். புறநகர் ரயிலேறி அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது விஷயத்தைச் சொன்னான்.

"அந்தப் பெண் மந்தமில்லை, மாமா. வழியில் பாக்கெட் தொலைந்துகொண்டிருந்தது."

கம்பியில் போகும் எந்தச் செய்தியும் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகிறது. ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. அது ஒத்துவராத பொட்டலத்தை ஸ்விட்சு சத்தமின்றி எறிந்துவிடும்; அனுப்பியவருக்குத் தகவல்கூடக் கொடுக்காது. பதில் வராததைக் கண்டு அனுப்பிய கம்ப்யூட்டர் மறுபடி அனுப்புகிறது. ஆகவே செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. குற்றம் மறைந்து, தாமதம் மட்டும் கண்ணில் படுகிறது.

1983-ல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய 'பிங்' என்னும் சிறு புரோகிராமைக் கொண்டு அவன் தேடினான். நீருக்கடியில் பொருளைத் தேடும் சோனாரின் ஒலிதான் அந்தப் பெயர். குரல் கொடுத்து எதிரொலி வருகிறதா என்று பார்க்கும் வேலை. அடுக்கிவைத்த மூன்று ஸ்விட்சுகளில், ஒரே ஸ்விட்சுக்குள் குரல் கொடுத்தால் எல்லாம் திரும்பின. இரண்டாவதிலிருந்து எடைமேடைக்குப் போகும் மூன்றாவதுக்குக் கொடுத்தால் நூற்றுக்கு ஏழெட்டுக் காணோம். இடையிலுள்ள கேபிளின் பிழைக்கணக்கு ஏறிக்கொண்டே இருந்தது. அதை மட்டும் மாற்றினான், வேறெதையும் தொடவில்லை. நாலைந்தை ஒன்றாகத் தொட்டால் எதனால் குணமாயிற்று என்று தெரியாதாம். கணக்கு நின்றது.

"வளையமாகத்தான் இணைத்திருக்கிறோம், மாமா. கேபிள் அறுந்தே போயிருந்தால் எல்லாம் மறுபக்கமாகச் சுற்றிப் போயிருக்கும். இது பாதி உயிரோடு இருந்தது. அதுதான் வினை."

அந்தக் கணக்கைத் தாளில் எடுத்து மேலாளரிடம் கொடுத்திருக்கிறான். பெண் வேலையில் இருக்கிறாள். அவளிடம் யாரும் வருத்தம் தெரிவித்ததாகத் தெரியவில்லை.

ஸ்விட்சு தன் பிழைகளைத் தானே எண்ணிவைக்கிறது. கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. ஒரு மாதமாக அதை யாரும் கேட்கவில்லை. பெண்ணைச் சொல்வது சுலபமாக இருந்தது. பாங்கியிலோ ரேஷன் கடையிலோ எதிரே இருப்பவரைப் பார்த்து, "தூங்குகிறாயா?" என்று நாம் கேட்கும் முன், அவருக்குப் பின்னால் ஓடும் கம்பியையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.